பதினைந்து பேர் போதும்

கடத்தூர்
9.6.2024

பரிதி,

நேற்றிலிருந்து ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை. கோபம் உண்டு, ஆனால் அதற்காக மட்டும் இல்லை. போனில் பேசினால் நீ "பாத்துக்கலாங்க்கா, ஒண்ணும் ஆவாது" என்பாய். நானும் சரி என்று வைத்துவிடுவேன். பிறகு பாத்திரம் கழுவும்போது யோசித்தால், நீ ஒன்றுமே சொல்லவில்லை என்று தெரியும். காகிதத்தில் அப்படித் தப்ப முடியாது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. மின்னஞ்சல் வேண்டாம். உன் அலுவலக முகவரியை யாரெல்லாம் திறக்கிறார்கள் என்று உனக்கே தெரியாது.

பல்கலைக்கழகத்தின் பத்தாண்டு வளர்ச்சித் திட்டம் வியாழக்கிழமை எங்கள் மையத்துக்கு வந்தது. வழவழப்பான அட்டை. அட்டையில் நோட்டுப் புத்தகத்தோடு சிரிக்கிற பெண்கள் எங்கள் பெண்கள்தான். போன வருடம் யாரோ வந்து படமெடுத்துக்கொண்டு போனார்கள். எதற்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. "போதிய சேர்க்கை இல்லாத விரிவாக்க மையத் துறைகள் படிப்படியாகத் தலைமை வளாகத்துடன் இணைக்கப்படும்." கடைசிப் பக்கத்தில், தயாரிப்பு: முனைவர் மா. இளம்பரிதி, துணைப் பதிவாளர், திட்டப் பிரிவு.

ஏப்ரலில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வந்து மூன்று நாள் இருந்தாய். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாய். அந்த மூன்று நாளும் இந்த வரி உன் லேப்டாப்பில் இருந்திருக்கிறது. சாப்பிடும்போது நீதான் கேட்டாய், "டிபார்ட்மெண்ட் எப்பிடிக்கா போவுது?" என்று. நான் பெருமையாகப் பதில் சொன்னேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

என் கணிதத் துறையில் போன வருடம் எம்.எஸ்சி.க்குப் பதினொரு பேர் சேர்ந்தார்கள். ஏன் பதினொன்று என்று உனக்குத் தெரியும். துணைவேந்தர் இல்லாததால் சேர்க்கை அறிவிப்பில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. ஏழு வாரம் தாமதம். அதற்குள் பிள்ளைகள் பி.எட்.டுக்குப் போனார்கள், ஓசூர்க் கம்பெனிகளுக்குப் போனார்கள். கதவை நீங்கள் பூட்டி வைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று எங்களிடம் கேட்கிறீர்கள்.

"போதிய" என்றால் எத்தனை பேர்? எந்தத் தேதிக்குள்? எண்ணில் எழுது.

வாணி

-

தலைமை வளாகம்
17.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. மூன்று முறை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். அலுவலகத்தில் நாளுக்கு நாற்பது குறிப்பு எழுதுகிறவனுக்கு, உனக்கு ஒன்று எழுத வரவில்லை.

ஏப்ரலில் சொல்லாதது தப்புதான். சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். முதல் நாள் அம்மாவின் கண்கட்டு. இரண்டாம் நாள் நீ உன் மாணவி ஒருத்தி நெட் தேர்வில் ஜெயித்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் எனக்குப் பேருந்து. இதெல்லாம் காரணம் ஆகாது என்று எனக்கும் தெரியும்.

இங்கே நிலைமை இப்படி. துணைவேந்தர் பதவி காலியாகிப் பத்து மாதம். மூன்று பேர் கொண்ட பொறுப்புக் குழு இருக்கிறது. அதன் தலைவர் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறார், மூன்று மணி ரயிலுக்குத் திரும்பிவிடுகிறார். பத்தாண்டுத் திட்டம் என்று ஒன்றை அனுப்பினால்தான் மத்திய அரசின் மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியும். ஒரு தனியார் ஆலோசனைக் குழு முதல் வரைவை எழுதிக் கொடுத்தது. அதில் இருந்த வரி இது: "விரிவாக்க மையங்கள் மூடப்படும்." அவ்வளவுதான் அக்கா. மூன்று சொல். அந்த மூன்று சொல்லை நான்தான் அடித்துவிட்டு, நீ படித்த வரியை எழுதினேன். அடித்தது யாருக்கும் தெரியாது. எழுதியது மட்டும் என் பெயரில் இருக்கிறது.

எண் கேட்டாய். இணைப்புப் பட்டியலில் இருக்கிறது, அது உங்களுக்கு அனுப்பப்படவில்லை. ஒரு துறைக்கு முதலாண்டில் பதினைந்து பேர் போதும். கடைசி நாள் ஆகஸ்ட் முப்பத்தொன்று. குழு இதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. இந்த வருடம் சேர்க்கை அறிவிப்பு தாமதமாகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

காகிதத்தில் எழுதிவிட்டேன். இனியாவது போனை எடு. அம்மாவின் கண் எப்படி இருக்கிறது என்று பக்கத்து வீட்டு பானுமதி அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பரிதி

-

கடத்தூர்
4.8.2024

பரிதி,

அறிவிப்பு ஜூலை முதல் வாரமே வந்துவிட்டது. சொன்னதைச் செய்தாய். அதற்காக இந்தக் கடிதத்தைத் திட்டாமல் தொடங்குகிறேன். அம்மாவுக்குக் கண் தெளிவாக இருக்கிறது. தொலைக்காட்சியில் யார் யார் கிழவியாகிவிட்டார்கள் என்று தினமும் சொல்கிறாள்.

சேர்க்கைக்கு நானும் ஷோபனாவும் ஊர் ஊராகப் போகிறோம். ஷோபனா எங்கள் கௌரவ விரிவுரையாளர். பதினாலு வருடமாகத் தற்காலிகம். துறை போனால் அவள் வேலையும் போகும், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். கல்லூரிகளில் கடைசி வருடக் கணிதப் பட்டியலை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வீடாகத் தேடிப் போகிறோம். பாதிப் பேர் வீட்டில் இல்லை. ஓசூரில் இருக்கிறார்கள்.

போன ஞாயிறு பென்னாகரத்துக்கு மேலே, மினி பஸ் கடைசியாகத் திரும்பும் ஊர். சென்னம்மாள் என்று ஒரு பெண். பி.எஸ்சி.யில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. ஓசூர்ப் பக்கம் செல்போன் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம். அன்றைக்கு விடுமுறைக்கு வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. நான் ஒரு கணக்கைப் பற்றிப் பேச்செடுத்ததும் எழுந்து போய்ப் பழைய நோட்டை எடுத்து வந்துவிட்டாள். கம்பெனி விடுதிக்கும் அதைக் கொண்டு போகிறாளாம். அங்கே அதைத் திறக்கத் தெம்பு இருக்காதாம்.

அவள் அப்பா பச்சியப்பன். இரண்டு ஏக்கரில் ராகி, கொஞ்சம் மாடு. நாங்கள் பேசுவதை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவ அத்தை கடத்தூருலதான் கீது. அங்க தங்கிப் படிக்கறதுன்னா அனுப்பறேங்க. வேற எங்கியும் நான் அனுப்ப மாட்டேன். இந்தக் காலேஜு ரெண்டு வருசம் அங்கியே இருக்குங்களா?"

"இருக்குங்க" என்றேன்.

"கம்பெனிய வுட்டுட்டு வந்தா திரும்ப எடுக்க மாட்டாங்க. அதான் கேக்கறேன். எழுத்துல எதுனா இருக்குதுங்களா?"

என் கைப்பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகளிடம் நீட்டினார். அவள் அந்த ஒரு வரியைச் சத்தமாகப் படித்தாள். "ஒரு துறைக்கு முதலாண்டில் பதினைந்து பேர் போதும்." அவர் தலையாட்டினார். "பதினஞ்சு பேரு வந்துருவாங்களா?" என்றார். "உங்க பொண்ணு பதினாலாவது" என்றேன்.

இன்று காலை பதினேழு பேர் ஆகிவிட்டது. ஜெயித்துவிட்டோம் பரிதி. நீயும்தான்.

போனை இன்னும் எடுக்க மாட்டேன். எழுதிப் பழகிவிட்டது.

வாணி

-

தலைமை வளாகம்
22.8.2024

அக்காவுக்கு,

பதினேழு பேர் என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஒரு செய்தி. புதிய துணைவேந்தர் நியமிக்கப்பட்டுவிட்டார். போன வாரம் பொறுப்பேற்றார். வெளிமாநிலத்தில் பெரிய நிறுவனத்தில் இருந்தவர். சுறுசுறுப்பானவர். வந்த அன்றே எல்லாப் பிரிவு அறைகளுக்கும் நடந்து போனார். ஒரு வருடமாக யார் கையெழுத்தும் இல்லாமல் கிடந்த கோப்புகளை இரண்டு நாளில் முடித்தார். எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்திருக்கிறது, எனக்கும்தான்.

பத்தாண்டுத் திட்டத்தைத் தானே வரிக்கு வரி படிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். செப்டம்பரில் கூட்டம். அதுவரை, உன்னால் முடிந்தால், புதிதாக யாருக்கும் எதுவும் உறுதியாகச் சொல்ல வேண்டாம் என்று படுகிறது. காரணம் ஒன்றும் இல்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தை வெளியில் காட்டாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகட்டும்.

பரிதி

-

கடத்தூர்
1.9.2024

பரிதி,

நேற்று மாலை ஐந்து மணிக்குச் சேர்க்கையை முடித்தோம். பதினெட்டு பேர். பட்டியலை இணையத்தில் ஏற்றிவிட்டேன், நாளை பதிவுத் தபாலிலும் அனுப்புகிறேன். ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது.

"காரணம் ஒன்றும் இல்லை, பொதுவாகச் சொல்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளைப் பள்ளத்தில் விட்டுவிட்டு வந்து, "சும்மாதான் நடந்து வந்தேன்" என்று சொன்ன குரல் இது.

சென்னம்மாள் கம்பெனியிலிருந்து கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அத்தை வீட்டில் இருக்கிறாள். முதல் வாரத் தேர்வில் மற்றவர்கள் பார்த்துப் பயந்த கணக்கை இரண்டு வழியில் போட்டுக் காட்டினாள். ஷோபனா என் காதில், "மேடம், நாம இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு வரணும்" என்றாள்.

எதை மறைக்கிறாய்? உள்ளதை எழுது.

வாணி

-

தலைமை வளாகம்
25.9.2024

அக்கா,

கூட்டம் திங்கட்கிழமை நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதாவிட்டால் பிறகு எனக்கே வேறு மாதிரி நினைவிருக்கும்.

பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். திட்டத்தின் நாற்பத்தோராம் பக்கத்துக்கு வந்ததும் துணைவேந்தர் நிமிர்ந்தார். "மிஸ்டர் இளம்பரிதி, பதினஞ்சுன்னு ஒரு நம்பர் போட்டிருக்கீங்க. எதை வெச்சுப் போட்டீங்க?" என்றார்.

எதை வைத்து என்பதை உன்னிடம் இப்போது சொல்கிறேன். உன் துறையில் அப்போது பதினொரு பேர். எவ்வளவு கஷ்டமானாலும் நீ இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடுவாய் என்று நினைத்தேன். அப்படி வந்ததுதான் பதினைந்து. அந்தக் கூட்டத்தில் இதைச் சொல்ல முடியுமா?

"பொதுவான நடைமுறை சார்" என்றேன்.

"மத்த இடங்கள்ல முப்பது. பதினெட்டுப் பேருக்கு ஒரு துறை நடத்தறது அந்தப் பிள்ளைகளுக்கே நல்லதில்ல. ஆய்வகம் இல்ல, நூலகம் இல்ல, நிரந்தர ஆசிரியர் ஒருத்தர். இங்க வந்தா அவங்களுக்கு எல்லாம் கிடைக்கும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. நம்பித்தான் பேசினார். அவர் சொன்னதில் பாதி நிஜம்கூட.

நான் எழுந்தேன். "சார், அந்தப் பிள்ளைகளால் இங்க வர முடியாது. மூணு மணி நேரப் பயணம்" என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார். "உங்க ஊருங்களா அது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் அக்காதான் அந்தத் துறைத் தலைவர் என்று நாலைந்து பேருக்குத் தெரியும். ஆமாம் என்றால், நான் பேசுவது எல்லாம் அக்காவுக்காக என்று ஆகிவிடும். அப்படித்தான் அந்த நொடியில் எனக்குப் பட்டது.

"பக்கத்து ஊர் சார்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

பொய்யும் இல்லை. நம் ஊர் கம்பைநல்லூர். உங்கள் மையம் கடத்தூரில்.

முடிவு இது. உங்கள் மற்ற மூன்று துறைகளிலும் முப்பதுக்கு மேல் இருப்பதால் அவை தொடரும். கணிதத்தின் முதலாண்டு ஜனவரியில் தலைமை வளாகத்துக்கு மாற்றப்படும், நீயும் அவர்களோடு. இரண்டாமாண்டு மட்டும் மே வரை அங்கேயே நடக்கும். உத்தரவு அடுத்த வாரம் வரும்.

மாணவர்கள் மனு கொடுத்தால் ஏதாவது நடக்கலாம். ஆட்சியர் அலுவலகம், எல்லா இடத்துக்கும். நான் சொன்னதாக வேண்டாம்.

பரிதி

-

கடத்தூர்
20.10.2024

பரிதி,

பக்கத்து ஊர். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் பிறகு அழிக்க முடியாததை எழுதிவிடுவேன். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உத்தரவை வகுப்பில் நான்தான் படித்தேன். படித்து முடித்ததும் சென்னம்மாள் மட்டும், "ஜனவரின்னா மொதல் செமஸ்டர் பரிச்சை முடிஞ்சிருங்களா மேடம்?" என்று கேட்டாள். பரீட்சைத் தேதியைத்தான் அவள் முதலில் நினைத்தாள்.

பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு மனு எழுதினார்கள். ஏழாம் தேதி திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்துக்குத் தருமபுரிக்குப் போனோம். இரண்டு மணி நேரம் வரிசை. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "இது பல்கலைக்கழகத்தோட முடிவும்மா. நாங்க மேல அனுப்பத்தான் முடியும். அனுப்பறோம்" என்றார். அனுப்பினார். அது தலைமை வளாகத்துக்குப் போனது. அங்கே பதிவாளர் அலுவலகத்தில் எண் போட்டுக் கல்விப் பிரிவுக்குப் போனது. கல்விப் பிரிவு, "உரிய விளக்கத்துடன் அனுப்பவும்" என்று சம்பந்தப்பட்ட துறைத் தலைவருக்கு அனுப்பியது.

துறைத் தலைவர் நான்.

நேற்றுத் தபாலில் வந்தது. நான் உட்கார்ந்து திருத்திக் கொடுத்த மனு, நாலு முத்திரையோடு என் மேசைக்கே வந்துவிட்டது. ஏழு நாளில் நான் விளக்கம் எழுத வேண்டும். ஷோபனா அதைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் கழிவறைக்குப் போய்ப் பத்து நிமிடம் வெளியே வரவில்லை.

பிள்ளைகள் ஒருநாள் வாசலில் உட்கார்ந்தார்கள். காவல்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். திட்டவில்லை, அடிக்கவில்லை. பெயரும் அப்பா பெயரும் எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. வீட்டிலிருந்து விடவில்லை. மற்ற மூன்று துறைக்காரர்களும் எங்களைப் பார்த்தால் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள்.

பச்சியப்பன் வெள்ளிக்கிழமை வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், ஆச்சுங்க என்றார். வெகுநேரம் நோட்டீஸ் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"மேடம், அந்தக் கடுதாசி எழுதுனாரே, அவரு இன்னும் வேலைல கீறாருங்களா?"

"இருக்காருங்க."

"அப்ப அவர ஒரு வார்த்த கேளுங்களேன்."

கேட்கிறேன் பரிதி. அவருக்காகக் கேட்கிறேன்.

வாணி

-

தலைமை வளாகம்
18.11.2024

அக்கா,

நீ கேட்டதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன்.

அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி கோப்பில் மாறுபட்ட குறிப்பு எழுதினேன். மூன்று பக்கம். சேர்க்கை ஏன் குறைந்தது, பயணத் தூரம், பேருந்து நேரம், பதினெட்டில் பதினாலு பேர் பெண்கள், விடுதியில் ஜூன் வரை இடமில்லை, எல்லாம். முதல் வரியில், "கணிதத் துறைத் தலைவர் என் உடன்பிறந்த சகோதரி" என்று எழுதினேன். கூட்டத்தில் சொல்லாததைத் தாளில் சொன்னேன். மூன்றாம் நாள் என்னைத் திட்டப் பிரிவிலிருந்து பொருள் கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். விடைத்தாள் கட்டுகளும் நாற்காலிகளும் இப்போது என் பொறுப்பு. அறைக்குச் சன்னல் இல்லை. பரவாயில்லை.

இதற்கிடையே உனக்குச் செய்தி வந்திருக்கும். துணைவேந்தர் நியமனம் விதிப்படி நடக்கவில்லை என்று யாரோ தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அவருடைய நியமனத்தை நிறுத்தி வைத்துவிட்டது. போன புதன்கிழமை அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசல்வரை நாலு பேர்தான் போனோம். காரில் ஏறும்போது என் தோளைத் தொட்டு, "உங்க நோட் படிச்சேன். நல்லா எழுதியிருந்தீங்க. அடுத்த மாசம் திருப்பிப் பார்க்கலாம்னு இருந்தேன்" என்றார். உண்மையாகச் சொன்னாரா, போகும்போது சொல்கிற வார்த்தையா, தெரியவில்லை.

அன்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. ஆளே இல்லை என்றால் உத்தரவும் இல்லைதானே என்று சட்டப் பிரிவுக்கு ஓடினேன். அங்கே இருப்பவர் வீரமணி, எனக்குப் பழக்கமானவர். நீதிமன்ற ஆணையை எடுத்துக் காட்டினார். "அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் பிறப்பித்த உத்தரவுகள் செல்லும்" என்று தெளிவாக இருக்கிறது.

"அப்ப இதை யார் ரத்து பண்ண முடியும்?" என்று கேட்டேன்.

"துணைவேந்தர் போட்டதைத் துணைவேந்தர்தான் ரத்து பண்ணணும்."

"துணைவேந்தர் இல்லியே."

"அதான் பரிதி."

மறுபடி பொறுப்புக் குழு வந்திருக்கிறது. அன்றாடக் காரியத்தைத் தவிர எதிலும் கை வைக்கக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டுப்பாடு. மாற்றத்தை நடத்துவது அன்றாடக் காரியமாம். நிறுத்துவது கொள்கை முடிவாம். குழுத் தலைவரை நேரில் பார்த்தேன். பெரியவர், என்னை உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். "எனக்குப் புரியுது தம்பி. ஆனா எனக்கு அந்த அதிகாரம் இல்ல" என்றார். நான் பார்த்த யாரும் நான் சொல்வது தப்பு என்று சொல்லவில்லை அக்கா. எல்லோருக்கும் புரிகிறது.

பச்சியப்பனிடம் என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. என்னைத் திட்டு என்று அவரிடம் சொல். நான் வந்து நிற்க வேண்டுமென்றாலும் வருகிறேன்.

பரிதி

-

கடத்தூர்
22.1.2025

அன்புள்ள பரிதிக்கு,

பொங்கலுக்கு நீ வரவில்லை. அம்மா இரண்டு நாளும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனுக்கு வேல அதிகம்" என்று நானே உனக்காகச் சொன்னேன். வருவதற்கு வெட்கப்பட்டாய் என்று தெரியும். அடுத்த முறை வெட்கத்தோடேயே வா.

உன் குறிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். முதல் வரியில் என்னை எழுதினாய் அல்லவா, அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

ஜனவரி இரண்டாம் தேதி லாரி வந்தது. பத்துக் கணினி, புரொஜெக்டர், இரண்டு பீரோ, முதலாண்டு வகுப்பு பெஞ்சுகள். மாணவர்களும் பெஞ்சுகளைத் தூக்கிவிட உதவினார்கள். யாரும் சொல்லவில்லை, தானாக வந்து தூக்கினார்கள். இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஷோபனா மட்டும் இருக்கிறாள், மே வரை. அதற்குப் பிறகு என்ன என்று அவளிடம் நான் கேட்கவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை.

பதினெட்டில் ஒன்பது பேர் தலைமை வளாகத்துக்கு வந்துவிட்டார்கள். நாலு பேர் வரும் ஆண்டு பி.எட். சேர்கிறோம் என்கிறார்கள். ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். நான் வரும் திங்கள் அங்கே சேர வேண்டும். அம்மா ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறாள். பானுமதி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் உன் வீட்டில்தான் தங்க வேண்டும். உன் வீட்டுக்காரியிடம் சொல்லிவை.

இன்று சென்னம்மாள் வந்தாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அவளும் தலைமை வளாகத்துக்குப் போனாள் பரிதி. நாம் நினைத்ததுபோல் வராமல் இருக்கவில்லை. அவள் அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். விடுதியில் இடமில்லை. அத்தை வீட்டிலிருந்து தினம் போய் வந்திருக்கிறாள், விடியற்காலையில் கிளம்பி, இருட்டின பிறகு திரும்பி. எட்டு நாள். ஒன்பதாம் நாள் பேருந்தில் மயங்கி விழுந்திருக்கிறாள். அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஓசூர்க் கம்பெனியில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், இப்போது ஆள் எடுக்கவில்லையாம். தருமபுரியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அசல் சான்றிதழைக் காட்ட வேண்டும். அசல்கள் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. மாற்றுச் சான்றிதழ் போட்டால்தான் திருப்பிக் கொடுக்க முடியும்.

"அப்பா எப்படி இருக்காரும்மா?" என்றேன்.

"நல்லா கீதுங்க மேடம். உங்களக் கேட்டதா சொல்லச் சொல்லுச்சு. கடுதாசி எழுதுனவரு மேல தப்பு இல்ல, மேடம் மேலயும் தப்பு இல்லன்னு சொல்லுச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க என்னங்க மேடம் பண்ணுவீங்க" என்றாள்.

திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது பதில் இருந்திருக்கும்.

மையத்தின் அலுவலகக் கணினியில் அவள் பதிவைத் திறந்தேன். விலகும் காரணம் என்ற இடத்தில் நாமாக எதுவும் எழுத முடியாது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படிப்பு நிறைவு. சொந்த விருப்பம். ஒழுங்கு நடவடிக்கை.

ஷோபனா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "கீழ இழுத்துப் பாருங்க மேடம், வேற எதுனா இருக்கும்" என்றாள். இழுத்துப் பார்த்தேன். இல்லை. உங்கள் கணினிப் பிரிவுக்குப் போன் செய்தேன். "அது சிஸ்டத்துலயே அப்படித்தாங்க மேடம். மாத்தணும்னா துணைவேந்தர் ஒப்புதல் வேணும்" என்றார் அந்தப் பையன். அவன் மேல் என்ன தப்பு?

கையால் எழுதித் தரட்டுமா என்று சென்னம்மாளைக் கேட்டேன். அப்படி எழுதினால் செல்லுமா என்று கேட்டாள். செல்லாது என்றேன்.

"அப்ப ரெண்டாவதப் போட்டுடுங்க மேடம். பதினொண்ணரை பஸ்ஸ வுட்டா அடுத்தது ரெண்டு மணிக்குதான்."

போட்டேன் பரிதி. "சொந்த விருப்பம்" என்பதை என் விரலால்தான் அழுத்தினேன். அச்சாகி வந்தது. கையெழுத்துப் போட்டேன், முத்திரை வைத்தேன். அவள் அதை வாங்கி, தன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, காரணம் எல்லாவற்றையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"சரியா இருக்குதுங்க மேடம்" என்றாள்.

வாணி